எஞ்சின் கேட்ட ஓய்வு

கோவையில் தொழிலதிபர் செங்கோடனின் சொந்த விமானத்தை ஜெனோவா ஓட்டிவந்தாள். அன்று காலை எஞ்சினே வாய்திறந்து, "எனக்கு ஓவர்ஹால் வேணும், முழுசாப் பிரிச்சுப் பழுதுபார்த்து ஓய்வு கொடுங்க" என்றது. செங்கோடன் மறுபேச்சில்லாமல் அதைப் பணிமனைக்கு அனுப்பினார்.

"அது திரும்பி வர்ற வரைக்கும் என் தம்பியோட விமானத்தை ஓட்டுங்கம்மா. மத்தியானம் பேரப்பிள்ளைங்களைக் கூட்டிட்டுக் கிளம்பணும்."

"பறக்கறப்ப கை மரத்துப்போகுதுன்னு நானும் மூணு மாசமா லீவு கேட்கறேன், சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எஞ்சின் பொய் சொல்லாதுங்க."

ஜெனோவாவுக்குக் கோபத்தில் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அப்ப நான் பொய் சொல்றவ. பொய் சொல்றவளை நம்பி எப்படிங்க உங்க பேரப்பிள்ளைங்களை ஏத்தறீங்க?"



சீருடையின் தோள்பட்டிகளைக் கழற்றி செங்கோடனின் மேசைமேல் வைத்துவிட்டு, ஜெனோவா நேராக நரம்பு மருத்துவரிடம் போனாள். வரிசையில் உட்கார்ந்தபோதும் அவளுக்குக் கோபம் தணியவில்லை.