யாருக்கும் தோணல

பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையில் மாலை வெயில் மேடையின் படத்திரையை வெளுக்கிறது; மோனோரெயில் கடக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. தானும் பெர்னடெட்டும் சேர்ந்து உருவாக்கிய, இணையதளங்கள் எழுத உதவும் வெப் ஃபிரேம்வொர்க்கைப் பற்றி மார்வின் மேடையில் பேசுகிறான். "போட்டியாளர்கிட்ட நாம கத்துக்கணும்லா. கோட்ல தப்பு வந்தா, எங்க தப்பு, எப்படித் திருத்தணும்னு அவங்களோடது எளிமையா சொல்லுது. இது ஏன் நம்மள்ல யாருக்கும் தோணல?" கூட்டம் சிரிக்கிறது. முன்வரிசையில் பெர்னடெட்டின் கையிலுள்ள தே தாரிக் தேநீரில் பாலாடை படிகிறது. போன வருஷம் தப்பை விளக்கும் அதே வசதியை அவள் செய்து காட்டியபோது, சின்னப்பிள்ளை வேலை என்று சொல்லி அழித்தவன் அவன்தான். "நான் செஞ்சேனே, மார்வின்," என்கிறாள் மெதுவாக. அவனுக்குக் கேட்கிறது. ஒரு கணம் அவளையே பார்க்கிறான். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்து, "நெக்ஸ்ட்," என்று திரையில் அடுத்த ஸ்லைடுக்குப் போகிறான்.