பெயர் இருந்த இடம்

அலைச்சறுக்குப் போட்டி தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது மேகலாவுக்குப் பணம் கொடுத்துவந்த கம்பெனியின் பால்ராஜ் சார் வந்து, அவள் பலகையில் ஒட்டியிருந்த கம்பெனிப் பெயரைப் பிய்த்துவிடச் சொன்னார்.

"வியாபாரம் படுத்துடுச்சு மேகலா. விளையாட்டுக்குப் பணம் குடுக்குற பிரிவையே மூடிட்டாங்க. எனக்கும் இந்த மாசத்தோட சரி."

மேகலா நகத்தால் கீறி ஸ்டிக்கரை உரித்தாள். மூன்று வருட வெயிலில் பலகை மஞ்சளாகியிருக்க, முன் முனையில் மட்டும் அந்தப் பெயர் எழுத்தெழுத்தாக வெள்ளையாய் நின்றது. இத்தனை நாளும் அவள் தெரிந்தே அங்கே கால் வைத்ததில்லை. ஃபோட்டோவில் பெயர் மறையக் கூடாது என்பது ஒப்பந்தம். அலைமேல் ஓரடி முன்னால் வந்தாலும் பால்ராஜ் கரையிலிருந்து கையை ஆட்டி, "பின்னாடி போம்மா" என்று கத்துவார். தவறிக் கால் பட்டுவிட்டால் கரையேறியதும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். சோறு போட்ட பெயர்.

இப்போது, கால் வழுக்காமலிருக்கத் தேய்க்கும் மெழுகுக் கட்டியை எடுத்தாள். வழக்கமாக நிறுத்தும் இடத்தில் கை நிற்கவில்லை. அந்த வெள்ளை எழுத்துகளின் மேலும் அழுத்தித் தேய்த்தாள்.

"அங்க எதுக்கும்மா மெழுகு?"

"நிக்கத்தான் சார்."

போட்டியில் அவளுக்கு வாய்த்த மூன்றாவது அலை நீளமாக எழுந்து, உடையாமல் வந்தது. மேகலா பலகையின் மேல் அடிமேல் அடி வைத்து முன்னால் நடந்தாள். கரையில் பால்ராஜின் கை பழைய பழக்கத்தில் மேலே எழுவது தெரிந்தது. இன்னும் ஓரடிதான் மிச்சம். அதையும் வைத்தாள்.