முள் இறங்கிய அதிசயம்

அருளப்பன் தன் பைக்குக்கு ஒரு ரேடார் டிடெக்டர் வாங்கினார். போலீஸ்காரர்கள் வேகம் அளக்கும் கருவியைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துக் கூவும் பெட்டி அது. டேங்க் மேல் வைத்துப் பார்த்தார், தொப்பை மறைத்தது. கடைசியில் ஹேண்டில்பாரில், ஸ்பீடோமீட்டருக்கு நேர் முன்னால் திருகி மாட்டினார்.

"மன்னிச்சுக்கங்கண்ணே, உங்க முகத்த மறைக்கிறேன்" என்றது பெட்டி.

"பரவால்லப்பா, என்னை யாரு பாக்குறா?" என்றது ஸ்பீடோமீட்டர்.

பைபாஸில் வண்டி தொண்ணூறில் பறந்தது. திடீரென்று பெட்டி கீச்சிட்டது. உடனே முள் மளமளவென்று நாற்பதுக்கு இறங்கியது. வளைவு தாண்டியதும், புளியமர நிழலில் போலீஸ் ஜீப் நின்றது.

ஸ்பீடோமீட்டருக்கு மெய்சிலிர்த்தது. "அடேயப்பா! இந்த ரோட்டுல என் முள்ளு இவ்வளவு கீழ வரும்னு எனக்கே தெரியாதுப்பா! நீ தெய்வம்யா!"

ஜீப் மறைந்தது. முள் மறுபடி ஏறியது. எதிரே பள்ளிக்கூடம் விட்டு, பிள்ளைகள் கூட்டமாகச் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"தெய்வமே, கத்து! சீக்கிரம் கத்து!" என்று அலறியது ஸ்பீடோமீட்டர்.

பெட்டி ஒரு கணம் காதைத் தீட்டிக் கேட்டது.

"எதுக்குண்ணே? அங்க போலீஸ் யாரும் இல்லையே."