ஊசி போட்ட முதுகு

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஸெய்னுதீனின் வேலை, டொக்டர் கனகசுந்தரம் எழுதும் மருத்துவத் துண்டில்தான் இருந்தது.

"எட்டு வருசத்துக்கு முந்தி முள்ளந்தண்டில ஊசி போட்டுத்தான் குடலிறக்க ஒப்பரேசன் செஞ்சாங்க. பொறகு வந்த தலையிடிய மல்லாக்கப் படுக்க வெச்சு, கோப்பி தந்து மாத்தினாங்க. முதுகு நோ இன்னும் போகல்ல."

"காக்கா, அந்த ஊசியால தலையிடி நாலு நாள் வரும். எட்டு வருசம் முதுகு நோகாது."

"அப்ப நான் பொய்யா சொல்றன்?"

"நோ மெய்தான். துறைமுகத்தில ஆருக்கு முதுகு நோகேல்லை? எல்லாரும் வேலை செய்யினம்தானே!"

"ஊசியால முதுகு கெடல்லயெண்டு எழுதித் தர ஏலுமா?"

டொக்டர் கோபத்தோடு எழுதிக் கையெழுத்திட்டார்.

ஸெய்னுதீன் துண்டைச் சட்டைப்பையில் வைத்தார்.

"ஊசி முதுகக் கெடுத்திட்டுது, இனிக் கிரேனில ஏறாதயெண்டு துறைமுகக் கந்தோரில பெரியாக்கள் என்னை வீட்டுக்கு அனுப்பப் பாக்கிறாங்க டொக்டர். இனி அனுப்பட்டும் பாப்பம்!"