கோர்ட்டில் யார் கேப்டன்?

அந்த வாலிபால் அணியின் கேப்டன் யார் என்பது புதிய கோச் ராயப்பனுக்குப் பிடிபடவே இல்லை. நேற்று செவ்வந்தி சொன்னதை எல்லாப் பெண்களும் கேட்டார்கள். இன்று அதே செவ்வந்தி, பாயிஜா சொல்லுக்குப் பந்து பொறுக்குகிறாள்.

"நாளன்னிக்கு பண்ருட்டியில மேட்ச். கேப்டன் பேர் கொடுக்கலன்னா சேர்க்க மாட்டாங்க. பாயிஜா, உங்கப்பா நிலக்கரி மைன்ஸ்ல பர்மனென்ட் வேலை. நீயே கேப்டனா இரு," என்றார் ராயப்பன்.

"மாட்டேன் சார்."

"அப்ப செவ்வந்தி?"

"எங்கப்பா கான்ட்ராக்ட்டு சார். ஆனா அதுக்காக இல்ல. நானும் மாட்டேன்."

"அப்ப மேட்ச்சே கிடையாது!"

"வேணாம் சார். பழைய கோச் வச்ச வழக்கத்தை மாத்த மாட்டோம்," என்றாள் செவ்வந்தி.

"என்னம்மா வழக்கம்?"

"சொன்னா வீணாப்பூடும் சார்."

மறுநாள் ராயப்பன் எரிச்சலோடு சீக்கிரமே வந்தார். கோர்ட்டில் கோடு தெரியாதபடி கறுப்பாக நிலக்கரித் தூசி படிந்திருந்தது. "வாய் மட்டும் எட்டூருக்கு!" என்று முணுமுணுத்தபடி மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து அவரே பெருக்கி முடித்தார்.

நிமிர்ந்தால், பெண்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு என்ன செய்யணும், கேப்டன்?" என்றாள் பாயிஜா.

"யாரைக் கேக்கறே?"

"உங்களைத்தான் சார்."

ராயப்பன் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பண்ருட்டியிலிருந்து போன் வந்தது. "இன்னும் கேப்டன் பேர் வரலியே சார்? பேர் இல்லாம எப்படிச் சேர்க்கறது?"

"சேர்த்துத்தான் ஆவணும். நாளைக்குக் காலையில பேர் சொல்றேன்," என்றார் ராயப்பன். "யாரு மொதல்ல வந்து கோர்ட்டைக் கூட்றாங்களோ, அன்னிக்கு அவங்கதான் எங்க கேப்டன்."