உள்ளங்கைத் தோல்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே எங்களுக்காக ஒரு கார் நின்றது.

சென்னகிருஷ்ணனின் வெள்ளைக் கார். முன்சீட்டில் அவரே இருந்தார். எங்கள் ஊரில் பாதி நிலம் அவருடையது. எங்கள் காலனிக்குப் போகிற பாதையும் அவர் நிலத்தில்தான் போகிறது. இத்தனை வருடமும் அந்தக் கார் எங்கள் மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போனதுதான் உண்டு.

டிரைவர் இறங்கிப் பின்சீட்டில் ஒரு சாக்கை விரித்துவிட்டு, அதன் மேல் எங்களை உட்காரச் சொன்னான். என் புருஷன் மாரிசாமி கூசிக்கொண்டு நுனியில் உட்கார்ந்தார். நான் நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன்.

சென்னகிருஷ்ணனுக்கும் என் புருஷனுக்கும் ஒரே வியாதி, வயிற்றில் புற்று. காலையில் ஒரே ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் ஊசி மருந்து ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வியாதியை விட அந்தப் பக்கத்து நாற்காலிதான் சென்னகிருஷ்ணனுக்குப் பெரிய அவமானம்.

புது மருந்து ஒன்றை அங்கே சோதித்துப் பார்க்கிறார்கள். இரண்டு பேரும் அதில் சேர்ந்திருந்தார்கள். ஊசி எல்லாருக்கும் பொது. கூடவே தினம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் பிரித்தது. டாக்டருக்கே தெரியாது.

டாக்டருக்குத் தெரியாமல் ஒரு மருந்தா என்று சென்னகிருஷ்ணன் சிரித்தார். எம்.எல்.ஏ. வீட்டிலிருந்து போன் போட வைத்தார். இரண்டு பெட்டி மாம்பழம் அனுப்பினார். பழத்தை நர்ஸுகள் தின்றார்கள். கம்ப்யூட்டர் மாம்பழம் தின்னாது.

உத்தனப்பள்ளிக்கு முன்னால் ஒரு டீக்கடை ஓரம் காரை நிறுத்தி, டிரைவரை டீ குடிக்க அனுப்பினார். முன்சீட்டில் இருந்தபடியே டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தில் ஒரு வாய் வைத்தார். முகம் கோணிற்று. உடனே மூடிவிட்டார்.

"தயிர் சோத்துலயும் மொளகாயக் கொட்டி வெக்கறா மருமக. வாயெல்லாம் வெந்து கெடக்குது."

நான் எட்டிப் பார்த்திருந்தேன். கைக்குழந்தைக்குப் பிசைந்த மாதிரி வெள்ளைச் சோறு. பெண்டாட்டி செத்த பிறகு இந்த மனுஷனுக்கு ஆக்கிப்போடுகிற அந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டலாம்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "மாரி, கையக் காட்டு."

என் புருஷன் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். பழக்கதோஷம். அவர் முன்னால் கையைக் குவித்தால் கூலி மேலேயிருந்து விழும். கையில் கை பட்டுவிடக் கூடாதென்று ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் போடுவார்.

இன்று அந்தக் கையைப் பிடித்தார். பிரித்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கத் தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்து கிடந்தது. அதைப் பெருவிரலால் தடவினார். ஆசையோடு தடவினார்.

நிஜ மாத்திரை போகிறவர்களுக்கு உள்ளங்கை உரியலாம் என்று நர்ஸ் முதல் நாளே எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள். அவர் தன் கையையும் விரித்துக் காட்டினார். வழவழவென்று இருந்தது.

"நெச மருந்து உனக்குப் போயிருக்குது. எனக்கு வெறும் சுண்ணாம்பு. மாத்திக்கலாம். காலனிப் பாத யார் நெலத்துல போகுதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

என் புருஷன் வாயைத் திறந்தார். அவர் நல்லவர், எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். நான் அவர் முழங்காலை அழுத்திப் பிடித்தேன்.

"ஆகட்டுங்க சாமி" என்று நானே பையிலிருந்து டப்பாவை எடுத்தேன்.

அவர் மாத்திரையை எங்கள் டப்பாவிலும், எங்கள் மாத்திரையை அவர் டப்பாவிலும் மாற்றிக் கொட்டினோம். எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு.

டப்பாவை அவர் மடியில் வைத்துப் பொத்திக்கொண்டபோது பாவமாகத்தான் இருந்தது. என்ன இருந்தாலும் சாவுக்குப் பயந்த கிழவன். சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அதற்குள் அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, என் புருஷனைத் தொட்ட கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

"எறங்கிக்கங்க. பஸ் வரும். என் கார்ல ஊருக்குள்ள வந்து எறங்க வேணாம்."

வந்த வார்த்தையை அப்படியே விழுங்கிக்கொண்டேன்.

டிரைவர் சாக்கை ரோட்டில் உதறி டிக்கியில் போட்டான். கார் கிளம்பிற்று.

"சொல்லியிருக்கலாம். பாவம்" என்றார் என் புருஷன்.

நிஜ மாத்திரைக்கு அடையாளமாக அன்றைக்கு நர்ஸ் முதலில் சொன்னது வாய்ப்புண். உள்ளங்கை அதற்கப்புறம்தான். என் புருஷன் நேற்றுகூட ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு கஞ்சி குடித்தார். இதை வைத்து நிச்சயமாக எதுவும் சொல்ல முடியாதுதான். ஆனால் மருமகளைத் திட்டுகிற வாய் எதனால் வெந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது பட்டதுதான்.

கைக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. சிப்காட்டில் முலாம் பூசுகிற கம்பெனிக்கு வேலைக்குப் போய், ஆசிட் தொட்டியில் கையை விட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தத் தோல் அப்படித்தான் உரிகிறது. எங்கள் காலனியில் குழந்தை குட்டிக்கும் தெரியும். போன வருடம் வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் சென்னகிருஷ்ணன் தோட்டத்துத் தக்காளியைப் பறித்துவிட்டு, சாயங்காலம் அவர் முன்னால் கூலிக்கு நீண்டதும் இதே கைதான்.

கூலியைக் கையில் வைத்துக் கொடுத்திருந்தால் அவருக்கும் தெரிந்திருக்கும்.