எந்த வண்டி உசத்தி?

வந்தவன் கார் திருடனாக இருப்பானோ என்று பல் டாக்டருக்கு முதல் பார்வையிலேயே சந்தேகம் தட்டியது.

பத்திரிகைக்காரனாம். கழுத்தில் கேமரா, தோளில் ஒரு பை. "பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் புது ஸ்போர்ட்ஸ் காரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, எது உசத்தின்னு ஒரு கட்டுரை எழுதறோம் சார். ரெண்டும் உங்க வீட்டுலயே இருக்குன்னு கேள்விப்பட்டேன்" என்றான்.

உண்மைதான். ஷெட்டுக்குள் நின்றது டாக்டருடையது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, முப்பத்தெட்டு வயசு. ஊரில் அந்த மாதிரி இன்னொன்று கிடையாது. வாசலில் நின்றது மாப்பிள்ளையுடையது. அதற்கும் இரண்டே கதவுதான். சாம்பல் நிறம், வாங்கி மூன்று மாதம். சம்பளக்காரருக்கும் கட்டுப்படியாகிற விலையில் வந்த ஸ்போர்ட்ஸ் கார் என்பதால், இப்போது தெருவுக்கு நாலு நிற்கிறது.

கணக்கு வாத்தியாரான மாப்பிள்ளை காலேஜ் நாளிலிருந்து ஆசைப்பட்டு வாங்கியது அது. டாக்டர் இன்றுவரை அதில் ஏறி உட்கார்ந்ததில்லை.

"ஒரு ரவுண்டாவது போயிட்டு வாங்களேன்ப்பா. அவர் வெளியில சொல்லலைன்னாலும் மனசுக்குள்ள வச்சிருக்கார்" என்று மகள் எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டாள். டாக்டர் மசியவில்லை.

சந்தேகம் வந்ததுமே ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால், மாப்பிள்ளையின் வண்டி அச்சில் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்கும் ஆசை அவரை விடவில்லை. அடையாள அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு ஷெட்டைத் திறந்தார்.

அவன் கேட்ட கேள்விகளும் சரியில்லை.

"இதுல அலாரம் உண்டா சார்?"

"கிடையாது."

"எங்க இருக்குன்னு போன்ல பாக்கற வசதி?"

"அந்தக் காலத்து வண்டிப்பா."

"வித்தா நல்ல விலை போகும், இல்ல?"

"விக்க மாட்டேன்" என்றார் டாக்டர் வெடுக்கென்று.

புது வண்டியை அவன் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை. மாப்பிள்ளைதான் வலியப் போய், "இதுல ஏர்பேக் மட்டும் ஆறு இருக்குங்க. மலை ரோட்டுல வளைவு திரும்பறப்ப பாக்கணும் நீங்க..." என்று ஆரம்பித்தார். "ம், ம்" என்று நோட்டில் எதையோ கிறுக்கிவிட்டு, அவன் மறுபடி பழைய வண்டியின் பானெட்டைத் தடவப் போய்விட்டான்.

மாப்பிள்ளையின் முகம் வாடியது. டாக்டருக்கு வயிறு குளிர்ந்தது.

"இதோட பானெட்டைத் திறந்தா இன்ஜினைப் பாக்கலாம். அதோட பானெட்டைத் திறந்தா பிளாஸ்டிக் மூடியைத்தான் பாக்கலாம். இதையும் எழுதிக்கோ தம்பி!"

படம் எடுக்க ஏரிக்கரைச் சாலைக்குப் போனார்கள். டாக்டர் தன் வண்டியைத் தானேதான் ஓட்டினார். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனின் கைகள் மேலேயே ஒரு கண் வைத்திருந்தார். மாப்பிள்ளை பின்னால் தன் வண்டியில் வந்தார்.

இருபது, முப்பது படம் எடுத்திருப்பான். பிறகு பையிலிருந்து ஒரு மைக்கை எடுத்தான்.

"கடைசியா இன்ஜின் சத்தம் சார். ரெண்டையும் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் அந்த மரத்துக்கிட்டப் போய் நில்லுங்க. பேச்சு எதுவும் பதிவாகிடக் கூடாது."

"சாவியை வண்டியில விட்டுட்டு நான் எங்கேயும் நகர மாட்டேன்."

"அப்போ புது வண்டியோட சத்தத்தை மட்டும் போட்டுக்கவா சார்?"

டாக்டர் மறுபேச்சுப் பேசாமல் இன்ஜினைக் கிளப்பிவிட்டு மரத்தடிக்கு நடந்தார்.

பழைய இன்ஜின் அடித்தொண்டையில் உறுமியது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். "கேக்குதா மாப்பிள்ளை? இதுக்குப் பேர்தான் சத்தம்."

'டப்'பென்று ஒரு கதவு சாத்தப்பட்டது. டயர்கள் கிறீச்சிட்டன. டாக்டர் கண்ணைத் திறந்தபோது எதிரே ஒரே புழுதி.

"ஐயோ, வண்டி!" என்று அலறிக்கொண்டு ஓடினார்.

அரைமணி நேரம் கழித்துப் போலீஸ் ஸ்டேஷனில் டாக்டர் மேஜையைக் குத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் தண்ணீர் கொடுத்தார்.

"பதறாதீங்க சார். உங்க சிவப்பு வண்டியை எனக்கே தெரியும். ஊருக்கே ஒண்ணுதானே? எங்க கொண்டு போனாலும் மாட்டிப்பான்."

"சிவப்பு வண்டி வெளியில நிக்குது சார். அதுலதான் வந்தோம்" என்றார் மாப்பிள்ளை. "போனது என் புது வண்டி. மாமா உடனே துரத்தினார். எவ்வளவு மிதிச்சும் கிட்டக்கூட நெருங்க முடியல." வண்டி போன துக்கத்திலும், அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நிறுத்தி, தெளிவாகவே சொன்னார்.

இன்ஸ்பெக்டர் டாக்டரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்க வண்டிதான் பத்திரமா இருக்கே? அப்புறம் நீங்க ஏன் சார் இந்தக் குதி குதிக்கறீங்க?"

டாக்டர் மேஜையை இன்னொரு குத்துக் குத்தினார்.

"சரி, அவன் எப்படி இருந்தான்? ஏதாவது அடையாளம் சொல்லுங்க" என்று இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார்.

"எழுதிக்கோங்க சார். சாவியோட என் வண்டி பக்கத்துலயே நின்னும் அதைத் தொடாம போயிருக்கான்... காரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாத பய!"